பிளாட்பாரத்துல ஒருத்தர் படுத்திருந்தா யாருக்கு போன் பண்றது, எங்க கூட்டிட்டு போறது – சென்னைல இருக்கறவங்களுக்கு

ராத்திரி பத்தரை மணிக்கு மேல வால்டாக்ஸ் ரோட்டுல ஒரு தடவ நடந்து பாருங்க. சென்ட்ரல் ஸ்டேஷன ஒட்டி போற ரோடுதான், பகல் பூரா லோடு ஏத்துறதும் எறக்குறதுமா இருக்கும், கடைக்காரங்க ஷட்டர எறக்குனதும் அந்த ஷட்டர் முன்னாடியே பாய விரிச்சு, கொசுவலையோட ஒரு முனைய ஷட்டர் பூட்டுலயும் இன்னொரு முனைய மீன்பாடி வண்டி ஹேண்டில்பார்லயும் கட்டி, பசங்கள நடுவுல போட்டு குடும்பம் குடும்பமா தூங்குவாங்க. அதுல நெறைய பேருக்கு அப்பா அம்மா பொறந்ததே அதே பிளாட்பாரத்துலதான்.

நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து சனிக்கிழமை ராத்திரில இந்தப் பக்கம் போக ஆரம்பிச்சு ஆறு வருஷமாச்சு. தெரிஞ்சவங்க கிட்ட இருந்து வாரத்துக்கு ரெண்டு போனாவது வரும், எங்க தெரு முனைல ஒரு பாட்டி மூணு நாளா உக்காந்திருக்காங்க என்ன பண்றது, பஸ் ஸ்டாண்ட்ல ஒருத்தர் கால்ல புண்ணோட கெடக்கறார் யார கூப்பிடறதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு, அதான் இது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நம்ம ஊர்ல சோத்துக்கு ஓரளவுக்கு வழி இருக்கு. அம்மா உணவகத்துல இட்லி ஒரு ரூபா, பொங்கல் அஞ்சு ரூபா, சாம்பார் சாதம் அஞ்சு, தயிர் சாதம் மூணு, ராத்திரி ரெண்டு சப்பாத்தி மூணு ரூபா, 2013-ல ஆரம்பிச்சது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில், வடபழனி முருகன் கோயில் மாதிரி பெரிய கோயில்ல மத்தியானம் அன்னதானம் இருக்கு. தி.நகர் ஜி.என். செட்டி ரோடு குருத்வாராவுல யார் போய் உக்காந்தாலும் சாப்பாடு போடுவாங்க, ஜாதி மதம் கேக்க மாட்டாங்க. அதனால பிரியாணி பொட்டலம் வாங்கி குடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. குடுக்க வேணாம்னு சொல்லல, பசிச்சவங்களுக்கு சோறு குடுக்கறது எப்பவும் நல்லதுதான். ஆனா அவங்களுக்கு நெஜமா இல்லாதது ரெண்டு, ஒண்ணு விலாசம், இன்னொண்ணு கூட வர்றதுக்கு ஒரு ஆள். ஆபீஸ் படியேறி கவுண்டர்ல நின்னு "இவருக்கு இது வேணும் சார்"னு சொல்ற ஆள். அந்த ஆளா நீங்க இருந்தா பாதி வேலை நடக்கும்.

மொதல்ல பேசுங்க, அப்புறம்தான் போன்

யாராவது படுத்திருக்கறத பாத்ததும் போன எடுத்து ஹோமுக்கு சொல்லிடாதீங்க. பிளாட்பாரத்துல இருக்கறவங்களுக்கு வண்டின்னாலே பயம். பிச்சை எடுக்கறவங்கள புடிக்கிற சட்டம் ஒண்ணு 1945-ல இருந்து தமிழ்நாட்டுல இருக்கு, அந்த வண்டில ஏத்திட்டு போனா எங்க கொண்டு போவாங்களோ எப்ப விடுவாங்களோன்னு வயசானவங்க இன்னமும் சொல்லுவாங்க. நீங்க நல்ல மனசோட வண்டிய வரவழைச்சா கூட அவங்க எழுந்து ஓடிட்டு அடுத்த வாரம் வேற ஏரியாவுல படுத்திருப்பாங்க, அப்புறம் கண்டுபுடிக்கவே முடியாது.

பக்கத்துல போய் நின்னுகிட்டு பேசாதீங்க, உக்காருங்க. தலைமாட்டு பக்கம் போகாம கால்மாட்டு பக்கமா போங்க, தூங்கிட்டு இருந்தா தொட்டு எழுப்பாதீங்க, ராத்திரி தொடறவன் திருடனா இல்ல அடிக்க வந்தவனான்னுதான் அவங்களுக்கு முதல்ல தோணும். அம்மா, ஐயா, அண்ணா, அக்கான்னு கூப்பிட்டு சாப்டீங்களான்னு ஆரம்பிங்க. பேரு, எந்த ஊரு, எத்தன நாளா இங்க இருக்கீங்க, உடம்புக்கு ஏதாவதா, இத மெதுவா கேளுங்க. அப்புறம் முக்கியமான கேள்வி, "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" இத கேட்டவங்க ரொம்ப கம்மி. பதிலு நாம நெனைக்கிறதா இருக்காது. எழும்பூர்ல ஒரு அக்கா, ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல, நாங்க மூணு வாரமா காப்பகத்துக்கு வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு இருந்தோம், தலைய ஆட்டிட்டு திரும்பிப்பாங்க. நாலாவது வாரம் எங்க கூட வந்த ஒரு பொண்ணு என்ன வேணும்கான்னு கேட்டதுக்கு, "நாப்கினு, அப்புறம் குளிக்க ஒரு எடம்"னாங்க. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி நாலு மணிக்கு எழுந்து இருட்டுலயே எல்லாத்தையும் முடிச்சிக்கணும், அதுதான் அவங்க வாழ்க்கைல பெரிய கஷ்டமா இருந்திருக்கு, நாங்க போர்வை குடுத்துட்டு இருந்திருக்கோம். அன்னைக்கு அத ஏற்பாடு பண்ணி குடுத்த அப்புறம்தான் மத்ததெல்லாம் பேச ஆரம்பிச்சாங்க.

போட்டோ எடுக்காதீங்க. கேட்டுட்டு எடுத்தாலும் ஆன்லைன்ல போடாதீங்க, ஊர்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கு தெரியக்கூடாதுன்னே பல பேர் இங்க இருக்காங்க, வீட்டுக்காரன் அடி தாங்காம வந்த பொம்பளைக்கு அந்த போட்டோ உயிருக்கே ஆபத்து.

இன்னொண்ணு, தெருவுல இருக்கறவங்க எல்லாரும் பிச்சை எடுக்கறவங்கன்னு ஒரு நெனப்பு இருக்கு. கல்யாண சமையல்ல பாத்திரம் கழுவுறவங்க, பாரிஸ் கார்னர்ல லோடு அடிக்கறவங்க, கோயம்பேட்டுல மூட்டை தூக்கறவங்க, கொத்து வேலைக்கு போறவங்க, பழைய பேப்பர் பொறுக்கறவங்க எல்லாம் இதுல இருக்காங்க. காலைல அஞ்சு மணிக்கு வேலைக்கு போற ஆள நீங்க பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு காப்பகத்துல கொண்டு போய் விட்டா அவர் பொழப்பு போச்சு. அதனால அவங்க வேலை எங்கன்னு கேட்டுட்டுதான் எடம் பாக்கணும்.

காப்பகம்

மாநகராட்சி நடத்துற வீடற்றோர் காப்பகம்னு சென்னை பூரா இருக்கு, எடம் மாநகராட்சியோடது, நடத்துறது பெரும்பாலும் என்ஜிஓக்கள். நைட் ஷெல்டர்னு பழைய பேர்ல சொல்லுவாங்க, ஆனா ராத்திரி மட்டும் இல்ல, 24 மணி நேரமும் வருஷம் பூரா தொறந்திருக்கணும்ங்கறது விதி. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு குறைஞ்சது 100 பேர் தங்குற மாதிரி ஒரு காப்பகம் இருக்கணும்னு இருக்கு, சுப்ரீம் கோர்ட்ல நடந்த உணவு உரிமை வழக்குல 2010-ல வந்த உத்தரவுகளுக்கு அப்புறம்தான் நாடு பூரா இது வேகம் புடிச்சுது, 2013-ல நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்துல தனி திட்டமாவே சேத்தாங்க. இத எதுக்கு சொல்றேன்னா, நீங்க அங்க போய் கேக்கறது தயவு இல்ல, அவங்களுக்கு சேர வேண்டிய உரிமை. தங்கறதுக்கு காசு கிடையாது. யாராவது காசு கேட்டா 1913-க்கு புகார் குடுங்க.

1913 மாநகராட்சி நம்பர், எந்த நேரமும் எடுப்பாங்க. கூப்பிட்டு எந்த எடம், ஆணா பொண்ணா, வயசு எவ்வளவு, நடக்க முடியுமா, இத சொல்லி பக்கத்துல எந்த காப்பகத்துல எடம் இருக்குன்னு கேளுங்க. புகார் எண் குடுப்பாங்க, எழுதி வச்சுக்கோங்க, ஒரு மணி நேரத்துல யாரும் வரலன்னா அந்த எண்ண சொல்லி திரும்ப கூப்பிடுங்க. ஒவ்வொரு காப்பகமும் ஒவ்வொரு பிரிவுக்கு, ஆம்பளைங்களுக்கு தனி, பொம்பளைங்களுக்கு தனி, வயசானவங்களுக்கு, பசங்களுக்கு, மனநலம் பாதிச்சவங்களுக்குன்னு. இது தெரியாம அறுபது வயசு பாட்டிய ஆட்டோல ஏத்திட்டு போய் ஆம்பளைங்க காப்பகத்து வாசல்ல நின்னு, அங்க இருந்து இன்னொண்ணு, அங்க இருந்து இன்னொண்ணுன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் அலைஞ்சிருக்கோம், பாட்டி கடைசில "என்ன எறக்கி வுடு கண்ணு, நா அங்கயே படுத்துக்கறேன்"னு அழுதுட்டாங்க. போன் பண்ணி எடம் உறுதியான அப்புறமா ஆட்டோ புடிங்க.

சில ஹோம்ல போலீஸ் ஸ்டேஷன் மெமோ கேப்பாங்க. இத பாத்து பின்வாங்காதீங்க. அந்த ஏரியா ஸ்டேஷனுக்கு போய் இந்த எடத்துல இவர் ஆதரவில்லாம இருந்தார், இந்த ஹோம்ல சேக்கறோம்னு ஒரு லெட்டர் எழுதி குடுத்து கேட்டா குடுப்பாங்க. சென்னை போலீஸ்லயே காவல் கரங்கள்னு ஒண்ணு 2021-ல இருந்து ஓடுது, ரோட்டுல ஆதரவில்லாம இருக்கறவங்கள மீட்டு காப்பகத்துலயோ ஆஸ்பத்திரிலயோ சேக்கறது, சொந்தக்காரங்கள தேடி கண்டுபுடிக்கறதுதான் அவங்க வேலை. 100 இல்லன்னா 112-ல கூப்பிட்டு காவல் கரங்களுக்கு தகவல் சொல்லணும்னு தெளிவா கேளுங்க. வெளி மாநிலத்துல இருந்து வழி தவறி வந்தவங்க, பேச்சு புரியாதவங்க விஷயத்துல இவங்க மூலமா போறதுதான் நல்லது, ஏன்னா ஊரு கண்டுபுடிக்க அந்த மாநில போலீஸ் கிட்ட பேசணும், அது நம்மால முடியாது.

காப்பகத்துல கொண்டு போய் விட்டதும் கெளம்பிடாதீங்க. மொத ராத்திரி பயமா இருக்கும், மூட்டைய வெளில வைக்க சொல்லுவாங்களான்னு பயம், பக்கத்துல படுக்கறவங்க யாருன்னு பயம். ஒரு அரை மணி நேரம் கூட உக்காருங்க, மூட்டை எங்க வைக்கணும், பாத்ரூம் எங்க, சாப்பாடு எப்ப, வெளில போனா எத்தன மணிக்குள்ள வரணும், இத அவங்க காதுல விழற மாதிரி வார்டன் கிட்ட நீங்களே கேளுங்க. ரெண்டு நாள் கழிச்சு போய் பாருங்க. திரும்ப பிளாட்பாரத்துக்கே வந்துட்டா கோவப்படாதீங்க, ஏன் வந்தாங்கன்னு கேளுங்க, காரணம் இருக்கும்.

குடும்பமா இருக்கறவங்களுக்குத்தான் இதுல வழி ரொம்ப கம்மி. புருஷன் ஒரு காப்பகம், பொண்டாட்டி இன்னொண்ணு, பத்து வயசு பையன் மூணாவது எடம்னா யாரு ஒத்துக்குவாங்க, நாம ஒத்துக்குவமா? எல்லாரும் ஒண்ணா தங்குற காப்பகம் தேடினாலும் லேசுல கெடைக்காது. அவங்களுக்கு வேண்டியது வீடு. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துல, பழைய குடிசை மாத்து வாரியம்தான், மனு போடணும். ஆனா ஊருக்கு தள்ளி கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஒதுக்கினா அங்க இருந்து பாரிஸுக்கு வேலைக்கு வர்றது எப்படி, பசங்க ஸ்கூல் என்னாகும், இதனாலயே வீடு கெடைச்ச அப்புறமும் பிளாட்பாரத்துக்கு திரும்புனவங்க இருக்காங்க. மனு எழுதும்போதே அவங்க வேலை எடத்தையும் பசங்க ஸ்கூலையும் எழுதி, பக்கத்துல ஒதுக்க சொல்லி கேளுங்க. உடனே நடக்காது, ஆனா மனு எழுத்துல இருக்கறது பின்னாடி உதவும். ஒத்தையா போகாம அந்த பிளாட்பாரத்து குடும்பங்க எல்லாம் சேர்ந்து போனா இன்னும் நல்லது.

விலாசம்னு ஒண்ணு

இதுதான் நான் அதிகமா எழுத நெனச்ச விஷயம். முதியோர் உதவித்தொகைக்கு ஆதார் கேப்பாங்க, ஆதாருக்கு விலாசம் கேப்பாங்க, ரேஷன் கார்டுக்கும் விலாசம், விலாசம் வேணும்னா வீடு வேணும். இந்த முடிச்ச எங்க அவுக்கறது?

வாக்காளர் அட்டைல இருந்து ஆரம்பிக்கலாம். வீடு இல்லாதவங்களுக்கும் ஓட்டு இருக்கு, தேர்தல் ஆணையத்தோட விதியிலயே இதுக்கு வழி சொல்லியிருக்கு. வாக்காளர் பட்டியல்ல பேரு சேக்கற படிவம் 6-ல விலாசம்ங்கற எடத்துல அவங்க தூங்கற எடத்த எழுதலாம், இந்த ரோடு, இந்த கடைக்கு முன்னாடி, இந்த பாலத்துக்கு கீழன்னு. அதுக்கப்புறம் அந்த பூத்தோட பிஎல்ஓ, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், ராத்திரி நேரத்துல வந்து அவங்க நெஜமாவே அங்க தூங்கறாங்களான்னு பாக்கணும், ஒரு ராத்திரி மட்டும் இல்ல, ஒண்ணுக்கு மேல. அப்படி பாத்து உறுதி பண்ணிட்டா தங்குற எடத்துக்கு வேற எந்த சான்றும் தேவையில்ல. இது நெறைய பேருக்கு தெரியாது, சில சமயம் மனு வாங்கறவங்களுக்கே தெரியாது, அதனால பொறுமையா எடுத்து சொல்லணும்.

எங்களுக்கு தெரிஞ்ச ஒரு தாத்தா, தலைக்கு வச்சு படுக்கற மூட்டைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வச்சிருப்பார், மேல மூணு கேரி பேக் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு. உள்ள ஒரு பழைய ரேஷன் கார்டு, மடிப்பு மடிப்பா கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டினது, அது செல்லாதுன்னு அவருக்கும் தெரியும். பிஎல்ஓ அம்மா வர்றதா சொன்ன ராத்திரி அவர் சட்டைய துவைச்சு போட்டுகிட்டு, தலைய வாரி, எட்டு மணில இருந்து பாய்ல நிமிந்து உக்காந்திருந்தார். தூங்கறார்னு காட்டணும்ல, படுத்துக்கோங்க தாத்தான்னோம், "வர்றவங்க வீட்டுக்கு வர்றாங்க, படுத்துகிட்டா இருப்பாங்க?"ன்னார். அந்த அம்மா பத்து மணிக்கு வந்தாங்க, டார்ச் அடிச்சு பேரு எழுதிகிட்டாங்க, ரெண்டு நாள் கழிச்சு திரும்பவும் வந்தாங்க. அட்டை வந்தப்ப அதுல விலாசம் இருந்த வரிய அவர் விரலால தடவி தடவி பாத்தார்.

வாக்காளர் அட்டை வந்துட்டா அத வச்சே ஆதார் எடுக்கலாம், அடையாளம் விலாசம் ரெண்டுக்கும் அது செல்லும். காப்பகத்துல தங்கறவங்கன்னா இன்னும் சுலபம், அங்கீகாரம் இருக்கற காப்பகத்தோட பொறுப்பாளர் ஆதார் படிவத்துல கையெழுத்து போட்டு சான்று குடுக்கலாம், கவுன்சிலர், எம்எல்ஏவும் குடுக்கலாம், இதுக்குன்னு ஆதார்ல தனி ஃபார்மட் இருக்கு, அதுலதான் வாங்கணும், சும்மா லெட்டர்பேடுல எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க.

புதுசா ஆதார் எடுக்கறதுக்கு முன்னாடி, ஏற்கனவே எடுத்திருக்காங்களான்னு கேளுங்க. பல பேர் எப்பவோ ஊர்ல எடுத்திருப்பாங்க, அட்டை தொலஞ்சிருக்கும், நம்பர் ஞாபகம் இருக்காது. அவங்களுக்கு புதுசா போட்டா கைரேகை ஏற்கனவே இருக்குன்னு ரிஜெக்ட் ஆகும், மூணு மாசம் வீணா போகும். ஆதார் மையத்துல பேரும் ஊரும் சொல்லி கைரேகை வச்சு பழையதையே எடுத்து பிரிண்ட் வாங்கலாம். மூட்டை தூக்கி தூக்கி, பாத்திரம் தேச்சு தேச்சு விரல்ரேகை அழிஞ்சு போனவங்களுக்கு கண் கருவிழி வச்சு பாக்க சொல்லுங்க.

பேங்க் அக்கவுண்ட் விஷயத்துல எங்களுக்கு ஒரு கஷ்டமான அனுபவம், கிளீனிங் வேலை பாக்கற ஒரு அண்ணன ஒரு பேங்க்குக்கு கூட்டிட்டு போனப்ப டாக்குமெண்ட் இல்லன்னா உள்ளயே வராதீங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க, அவர் அப்புறம் ரெண்டு வாரம் எங்க கிட்டயே பேசல. ஆனா சிறு கணக்குன்னு ஒண்ணு ரிசர்வ் பேங்க் விதியிலயே இருக்கு, எந்த சான்றும் இல்லாதவங்களுக்கு போட்டோவும் கையெழுத்தோ கைநாட்டோ வச்சு ஆரம்பிக்கலாம். இருப்பு 50,000-க்கு மேல போகக்கூடாது, மாசம் 10,000 வரைக்கும்தான் எடுக்கலாம், முதல் 12 மாசம் செல்லும், அதுக்குள்ள ஏதாவது அடையாளத்துக்கு மனு போட்டத காட்டுனா இன்னும் 12 மாசம். சிறு கணக்குன்னு பேர சொல்லி கேளுங்க, இல்லன்னு சொன்னா மேனேஜர பாருங்க. கூலிய டீக்கடைல குடுத்து வச்சு ஏமாந்தவங்கள பாத்திருக்கேன், தூங்கும்போது டவுசர் பாக்கெட்ட பிளேடால கிழிச்சு எடுத்துட்டு போனதையும் பாத்திருக்கேன், அவங்களுக்கு அக்கவுண்ட்ங்கறது அவ்வளவு பெரிய விஷயம்.

ஆதாரும் அக்கவுண்டும் ஆனதும் 60 வயசு தாண்டுன ஆதரவில்லாதவங்களுக்கு முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்துல போடுங்க, 2023-ல இருந்து மாசம் 1,200 ரூபா.

உடம்பு சரியில்லன்னா

ஜிஹெச்ல ஓபி சீட்டு வாங்க விலாசம் கட்டாயம் இல்ல, தயங்காம கூட்டிட்டு போங்க. தூக்கிட்டு போற நெலமைனா 108 ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸ்ல ஏத்தி விட்டுட்டு கெளம்பிட்டா கூட ஆள் இல்லன்னு வார்டுல கஷ்டம் வரும், முடிஞ்சா ஒருத்தர் கூட போங்க, குறைஞ்சது எந்த வார்டுன்னாவது தெரிஞ்சுக்கோங்க. பிளாட்பாரத்துல தூங்கும்போது வண்டி ஏறி அடிபடறது நெறைய நடக்குது, அதுக்கு இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கு, முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரிலயும், காப்பீட்டு அட்டை இருக்கா இல்லையான்னு பாக்க கூடாது. அத அங்கயே சொல்லி கேளுங்க.

புண்ணு இருந்தா நீங்களா மஞ்சள் தூள் டெட்டால்னு எதுவும் போடாதீங்க, பக்கத்துல இருக்கற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல டிரெஸ்ஸிங் பண்ணுவாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், ராத்திரி ஜுரம், எடை கொறையறதுன்னா டிபி டெஸ்ட் எடுக்க வையுங்க, டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். ஆறு மாசம் விடாம சாப்பிடணும், ஆனா அந்த மாத்திரைய வைக்க எடம் இல்லாம மழைல நனைஞ்சு போய் நிறுத்துனவங்க உண்டு. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி குடுங்க, போர்வைய விட அது பெரிய உதவி.

ஆஸ்பத்திரி வாசல்லயே ஒரு கூட்டம் படுத்திருக்கும், அவங்க வீடு இல்லாதவங்க இல்ல, வெளியூர்ல இருந்து நோயாளியோட வந்தவங்க, உள்ள ஒருத்தருக்குதான் அனுமதி, லாட்ஜுக்கு காசு இல்ல. சென்ட்ரல் ஜிஹெச், ஸ்டான்லி, எழும்பூர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல இவங்களுக்குன்னே மாநகராட்சி காப்பகம் இருக்கு, அங்க இருக்கற செக்யூரிட்டிய கேட்டாலே காட்டுவாங்க. இத ஒருத்தருக்கு சொன்னீங்கன்னா கூட அன்னைக்கு ராத்திரி அவங்க காலு நீட்டி தூங்குவாங்க.

மனநலம் பாதிச்சவங்க

குப்பைய சேத்து வச்சுகிட்டு, தனக்குத்தானே பேசிகிட்டு, வெயில்லயும் நாலு சட்டை போட்டுகிட்டு இருக்கறவங்கள பாத்து எல்லாரும் ஒதுங்கி போயிடறோம். அவங்களும் ஒரு வீட்ல இருந்து வந்தவங்கதான், எங்கயோ ஒரு அம்மா தேடிட்டு இருக்கலாம். 2017 மனநல பராமரிப்பு சட்டம் இதுல தெளிவா இருக்கு. இப்படி அலையறவங்கள பாதுகாப்புல எடுக்கறது அந்த ஏரியா ஸ்டேஷனோட கடமை, 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும், லாக்கப்ல வைக்கவே கூடாது, காணாம போனவங்கன்னு எஃப்ஐஆர் போட்டு குடும்பத்த தேடணும். நீங்க 112-ல சொல்லும்போது பைத்தியம் சுத்துதுன்னு சொல்லாதீங்க, மனநலம் பாதிச்சு ஆதரவில்லாம இருக்காங்க, மனநல சட்டப்படி மீட்கணும்னு சொல்லுங்க, வார்த்த மாறுனா நடக்கற விதமும் மாறும்.

சென்னைல கீழ்ப்பாக்கம் அரசு மனநல காப்பகம் இருக்கு, 1794-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. பொம்பளைங்களுக்குன்னு பேன்யன் அமைப்பு 1993-ல ஆரம்பிச்சாங்க, முகப்பேர்ல அடைக்கலம்னு அவங்க எடம், தெருவுல இருந்த எத்தனையோ பேர் அங்க சிகிச்சை எடுத்து ஊருக்கு திரும்பி போயிருக்காங்க. சில மாவட்ட தலைநகர் ஆஸ்பத்திரிங்கள்லயும் இவங்களுக்குன்னு அவசர சிகிச்சை மீட்பு மையம் இருக்கு. என்ன பேசறது எப்படி அணுகறதுன்னு தெரியலன்னா 14416-க்கு போன் பண்ணி கேளுங்க, மனநல ஆலோசனை நம்பர், தமிழ்லயே பேசுவாங்க. கைய காலை கட்டி இழுக்கறதெல்லாம் வேணவே வேணாம்.

பசங்க, பொம்பளைங்க, பெரியவங்க

தனியா இருக்கற பசங்கன்னா 1098. பெரிய ஸ்டேஷன்கள்ல பசங்களுக்கு உதவி மையமும் இருக்கு. 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி கொண்டு போவாங்க. அம்மாவோட இருக்கற புள்ளைய பாத்து வறுமைய மட்டும் காரணமா வச்சு பிரிக்க சொல்லி போன் பண்ணாதீங்க, அந்த அம்மாவுக்கும் சேத்து எடம் கேளுங்க.

அடி உதைல வெளில வந்த பொம்பளைங்களுக்கு 181, ஒன் ஸ்டாப் சென்டர்ல தங்க எடம், போலீஸ், வக்கீல், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே எடத்துல பாத்துக்குவாங்க. கூட்டிட்டு போறது ஒரு பொண்ணா இருக்கட்டும், ஆம்பளைங்க தனியா போகாதீங்க.

வயசானவங்களுக்கு 14567. புள்ளைங்க தொரத்திவிட்டு வந்தவங்க இதுல எக்கச்சக்கம், சொத்த எழுதி வாங்கிட்டு பஸ் ஏத்தி விட்டுட்டு போயிருப்பாங்க. 2007-ல வந்த பெற்றோர் மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் கிட்ட மனு குடுத்தா மாசம் 10,000 வரைக்கும் ஜீவனாம்சம் உத்தரவு போடலாம், கைவிட்டதுக்கு 3 மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு, பாத்துக்கறேன்னு எழுதி வாங்குன சொத்த ரத்து பண்ணவும் வழி இருக்கு. ஆனா நெறைய அப்பா அம்மா மனு போட ஒத்துக்க மாட்டாங்க, "எம் புள்ள நல்லா இருக்கட்டும்"பாங்க. அவங்க வேணாம்னா நீங்க வற்புறுத்தாதீங்க, அது அவங்க முடிவு.

பொருள் குடுக்கணும்னா

புது கம்பளிய ராத்திரி எட்டு மணிக்கு குடுத்தா விடியறதுக்குள்ள திருடு போயிடும், சில நேரம் அதுக்காக அடியும் விழும். கொஞ்சம் பழசா, கனமில்லாத போர்வையா குடுங்க. தார்ப்பாய், கொசுவலை, ஒடோமாஸ், நாப்கின், உள்ளாடை, செருப்பு, சோப்பு, டார்ச், டாக்குமெண்ட் வைக்க ஜிப் போட்ட கவர், இதெல்லாம் கேட்டு வாங்கிக்குவாங்க. செருப்புக்கு சைஸ் கேட்டு வாங்கிட்டு போங்க.

ஐப்பசி கார்த்திகை மழைலதான் ரொம்ப கஷ்டம். மழை எச்சரிக்கை வந்தா மாநகராட்சி ஸ்கூல், சமூகநலக் கூடத்துல நிவாரண முகாம் தொறப்பாங்க, பிளாட்பாரத்துல இருக்கறவங்களுக்கு செல்போன் சார்ஜ் இல்லாம அந்த தகவலே போய் சேராது. மழைக்கு முன்னாடி நாள் சாயங்காலமே 1913-ல எந்த ஸ்கூல்னு கேட்டுட்டு போய் நேர்ல சொல்லுங்க. அப்பவே டாக்குமெண்ட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து உங்க போன்ல ஒரு காப்பி வச்சுக்கோங்க, அவங்க சம்மதத்தோட, வெள்ளத்துல மூட்டை போயிடுச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்ல.

மதுரை, கோவை, திருச்சி, சேலம்னு மத்த ஊர்ல இருக்கறவங்க உங்க மாநகராட்சி இல்ல நகராட்சி ஆபீஸ்ல வீடற்றோர் காப்பகம் எங்கன்னு கேளுங்க, அதே திட்டம்தான். 112, 108, 181, 1098, 14567, 14416 எல்லாம் தமிழ்நாடு பூரா வேலை செய்யும், 1913 மட்டும் சென்னைக்கு. போன்ல சேவ் பண்ணும்போது நம்பர் கூட அது எதுக்குன்னும் சேத்து எழுதுங்க, ராத்திரி பதினொரு மணிக்கு மழைல நிக்கும்போது எது எதுக்குன்னு ஞாபகம் வராது.